பார்ட் டூ இங்கிலீஷ் இவ்வளவு இனிக்குமா!

வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட், இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம், பார்ட் டூ இங்கிலீஷ். டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசு கலை அறிவியல் கல்லூரி எங்களுடையது. வகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்கள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அந்த வகுப்பில் இப்போது ஒரே சத்தம். பக்கத்து அறையில் பாடம் நடத்தும் இயற்பியல் பேராசிரியர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், பட்டிமன்றமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். பட்டிமன்றம்தான். அதுவும் ஆங்கிலத்தில்!

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது. கல்லூரி ஓய்வறையில் சக ஆசிரியர்களிடம் சொல்லி, வீட்டில் சொல்லி, கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லியாயிற்று. இப்போது உங்களிடம்.

பார்ட் டூ இங்கிலீஷ் என்றால் நம் பிள்ளைகளுக்குக் காலங்காலமாக என்ன பொருள்? நான்கு செமஸ்டர், ஒரு கைடு. பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் கைடு கிடைக்கும். கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்து எழுதினால் அரியர் இல்லாமல் தப்பிக்கலாம். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்துத் தேர்வில் எண்பது மதிப்பெண் வாங்கிய பெண், எழுந்து நின்று தன் ஊரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னால் தலை குனிந்துகொள்வாள். அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும். வாயைத் திறந்தால் அறுபது பேர் கேட்பார்களே, அதுதான் பயம். இன்னொன்று வெறும் கணக்கு. ஐம்பது நிமிட வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினாலே நேரம் முடிந்து பத்துப் பேருக்கு மேல் வரிசையில் நிற்பார்கள். எப்பேர்ப்பட்ட ஆசிரியர் வந்தாலும் வகுப்பறைக்குள் மட்டும் இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

செல்போன் தீர்த்துவிட்டது. இதைக் கூரை மேல் ஏறி நின்று கத்த வேண்டும்போல இருக்கிறது எனக்கு.

முதலில் வாய்ஸ் நோட். வாரம் ஒரு கேள்வி, ஒரு நிமிடப் பதில். மாணவர்கள் வீட்டிலோ மொட்டைமாடியிலோ வயல் வரப்பிலோ நின்று பேசிப் பதிவுசெய்து கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றுகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். திருப்தி வரும்வரை வேறு யார் காதுக்கும் அது போகாது. இதில் எவ்வளவு பெரிய விடுதலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி அனுப்பிய முதல் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். பின்னணியில் மோட்டார் பம்பு ஓடுகிறது, ஆடு கத்துகிறது, நடுவே தெளிவான குரலில் அவள் தன் ஊர்ச் சந்தையைப் பற்றிச் சொல்கிறாள். மறுநாள் அருமையாக இருந்தது என்றேன். "எத்தனை தடவ அழிச்சு அழிச்சுப் பேசினேன்னு எனக்கே தெரியல மேம்" என்றாள். அழித்த ஒவ்வொரு பதிவும் ஒரு பயிற்சிதானே! அத்தனை முறை திருப்பிச் சொல்லச் சொல்ல எந்த வகுப்பில் நேரம் இருக்கிறது, எந்த ஆசிரியருக்குப் பொறுமை இருக்கிறது? போனுக்கு இருக்கிறது. அவளுடைய அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மகளின் பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாராம். என் உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். வீட்டில் செய்யும் பதிவு நாற்றங்கால், வகுப்பறை நடவு வயல். நேரே வயலில் வீசினால் பிழைக்குமோ பிழைக்காதோ என்றிருக்கும் பயிர், நாற்றங்காலில் வேர் பிடித்து வந்தால் நிமிர்ந்து நிற்கிறது.

அடுத்தது வாய்ஸ் டைப்பிங். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனின் விசைப்பலகையிலும் ஒரு சின்ன மைக் படம் இருக்கிறதே, அதுதான். மொழியில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாக்கியம் பேசி, போன் என்ன எழுதுகிறது என்று பார்க்க வேண்டும். 'ஃபேன்' என்று நினைத்துச் சொன்னது 'பேன்' என்று விழும். நம் நாக்குக்கு அந்த இரண்டும் ஒன்றுதான். 'எவ்ரி' என்பதை நாம் 'யெவ்ரி' என்போம். யாரும் சுட்டிக்காட்டி வெட்கப்படுத்தாமல், திரையைப் பார்த்துத் தானே கண்டுபிடித்து, தானே திருத்தி, சரியான சொல் விழுந்ததும் துள்ளுகிற பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே! இந்த யோசனைக்கு நல்ல முன்னோடி உண்டு. தில்லி கால்காஜியில் 1999-ல் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்த சுகதா மித்ராவும் சக ஆய்வாளர்களும் ஹைதராபாத்தில் சில பிள்ளைகளிடம், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்தார்கள். கணினிக்குப் புரியும்படி நீங்களே பேசிப் பழகுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் உச்சரிப்பு மேம்பட்டது. அந்த ஆய்வு 2003-ல் வெளியானது. அன்று ஒரு கணினியை முறைவைத்துப் பகிர்ந்தார்கள். இன்று என் கடைசி பெஞ்சுப் பையனின் சட்டைப் பையிலேயே அது இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லண்டன்காரர் மாதிரி பேச வைப்பது என் நோக்கமே இல்லை. எதிரே இருப்பவருக்குப் புரிந்தால் போதும். அதனால் யூகிளிஷ் என்ற தளத்தையும் காட்டுகிறேன். ஒரு சொல்லை அதில் தட்டினால், யூடியூபில் விதவிதமான ஆட்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கும் இடங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் போடும். விஞ்ஞானி ஒருவர், சமையல்காரர் ஒருவர், செய்தி வாசிப்பவர் ஒருவர் என்று ஒரே சொல்லை எத்தனை வாய்கள் எத்தனை விதமாகச் சொல்கின்றன என்று கேட்ட பிறகு, தன் வாய்க்கும் அந்த மொழியில் இடம் உண்டு என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.

சரி, பயிற்சி வீட்டுக்குப் போய்விட்டது, விளக்கமும் வீட்டுக்கே போனால்? அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் உட்லண்ட் பார்க் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல் தங்கள் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள், வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்காக. பிறகு எல்லாப் பிள்ளைகளுமே வீட்டில் பாடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும், வகுப்பு நேரத்தைச் செய்முறைக்கும் சந்தேகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முறையையே தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஷிப்ட் மாணவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் மருந்துக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் வேலை. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவர்களும் உண்டு. ஒரு வகுப்பு தப்பினால் அவர்களுக்கு அது போனதுதான். இப்போது அப்படியில்லை. புத்தக அடுக்கில் போனைச் சாய்த்து வைத்து ஐந்தாறு நிமிடக் காணொளிகளாக நானே எடுக்கிறேன். இலக்கணத்தைத் தயங்காமல் தமிழில் விளக்குகிறேன். 'ஐ ஹேவ் சீன்' என்பதற்கும் 'ஐ சா' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் நாலு உதாரணத்தோடு சொன்னால் ஒரே தடவையில் ஏறுகிறது. புரியாதவர்கள் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, இன்னொரு முறை பார்க்கிறார்கள். நேரில் நடத்தும்போது என்னை யார் பின்னுக்குத் தள்ள முடியும்?

இப்படி மிச்சமான வகுப்பு நேரத்தில் நாங்கள் செய்வதுதான் அந்தப் பட்டிமன்றம். இதற்கு நான் கடன்பட்டிருப்பது நம்மூர்ப் பெருமை ஒன்றுக்கு. என். எஸ். பிரபு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனையை உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் படிக்கிறார்கள். இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வேலையில் மனம் செல்லும்போது மொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். அவரிடம் அன்று இருந்தது கரும்பலகையும் தாளும் மட்டுமே. எங்களிடம் ரயில்வே ஆப்பே இருக்கிறது! நாலு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு போன் இருந்தால் போதும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் இன்டர்வியூ, கையில் இவ்வளவு ரூபாய், எப்படிப் போவாய், எங்கே தங்குவாய்? மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸா, தஞ்சாவூருக்குப் போய் உழவன் எக்ஸ்பிரஸா, விடிய விடியப் பஸ்ஸா? வெயிட்டிங் லிஸ்ட் எத்தனை, வண்டி தாமதமானால் என்ன செய்வது? ஒவ்வொரு குழுவும் தன் திட்டத்தை முன்னால் வந்து ஆங்கிலத்தில் நியாயப்படுத்த வேண்டும், மற்றவர்கள் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டை கண்டுபிடிப்பதில் நம் பிள்ளைகள் சூரர்கள். அந்த வேகத்தில் இலக்கணப் பயம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை.

இவ்வளவையும் விட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. டிஜிட்டல் அறிவு என்று நாம் சொல்கிறோமே, அதைக் கற்றுக்கொடுக்க ஆங்கில வகுப்பைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ரீல்ஸ் எடுப்பதில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னால் முழுக் கடிதத்தையும் தலைப்புப் பெட்டிக்குள் எழுதி அனுப்புகிறார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதனால் முதல் செமஸ்டரிலேயே தலைப்பு எப்படி எழுதுவது, சான்றிதழை எப்படி இணைப்பது, முன்பின் தெரியாத அதிகாரிக்கு எப்படி மரியாதையாகக் கேட்பது என்று பழக்குகிறேன். இவை ஆங்கிலப் பாடமும்தான், பிழைப்புக்கான பாடமும்தான்.

பிறகு ஃபார்வர்டு வேட்டை. இது என் செல்லப் பாடம். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் வந்த ஏதாவதொரு செய்தியை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். நம் தேசிய கீதத்தை உலகின் சிறந்த கீதமாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற பழைய செய்தி தவறாமல் ஆஜராகிவிடும். அது பொய், யுனெஸ்கோவே மறுத்துவிட்டது. அந்த மறுப்பைப் பிள்ளைகள் தாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். மைக் கால்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 2019-ல் நாலு படி வகுத்தார். நில், சொன்னவர் யார் என்று பார், வேறு நல்ல இடத்தில் இதே செய்தி இருக்கிறதா என்று தேடு, மூலத்துக்குப் போ. இதை வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 10 வரலாற்றறிஞர்கள், 25 மாணவர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். பட்டம் பெற்ற அறிஞர்களும் புத்திசாலி மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து விரைவிலேயே உண்மையைப் பிடித்தார்கள். எங்கள் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் படிக்கிறார்கள். புதிய தாவலில் வருவதெல்லாம் ஆங்கிலம். படித்தே ஆக வேண்டும், ஏனென்றால் விடை அங்கேதான் இருக்கிறது. எந்த உரைநடைப் பாடத்தையாவது ஒரு மாணவன் இவ்வளவு ஆவலோடு படித்துப் பார்த்திருக்கிறீர்களா?

இதன் பலனை நேரில் பார்த்தேன். மாணவி ஒருத்தியின் அண்ணனுக்கு வேலை உறுதிக் கடிதம் ஒன்று வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்கா. திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை என்று ஒரு தொகையைக் கட்டச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நகையை அடகு வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அரசு வேலை என்கிறார்கள், ஆனால் மின்னஞ்சல் முகவரி அரசு முகவரி இல்லை. இரண்டாவது பத்தியில் இலக்கணம் உதைக்கிறது. தேர்வே எழுதாமல் எப்படி வேலை? உண்மையான தளத்துக்குப் போய்த் தேடினாள், அப்படியோர் அறிவிப்பே இல்லை. நகை பீரோவிலேயே இருக்கிறது. "அண்ணன் ஒருநாள் பூரா எங்கிட்டப் பேசல மேம், மறுநாள் அவனே பரோட்டா வாங்கிட்டு வந்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இன்டர்னல் மார்க் போடும் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் இல்லையே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

படிக்கவும் கேட்கவும் இலவசமாக என்னவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது! ஒரே தலைப்பைத் தமிழ் விக்கிப்பீடியாவில் படித்து, அடுத்து எளிய ஆங்கில விக்கிப்பீடியாவில் படித்து, கடைசியில் முழு ஆங்கிலக் கட்டுரைக்குப் போகச் சொல்கிறேன். படிப்படியாக ஏறுவதால் மூச்சு வாங்குவதில்லை. பாடத்தில் ஓ. ஹென்றியின் சிறுகதை வந்தால் லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிவடிவம் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது இயர்போனில் கேட்டுக்கொண்டே வரலாம். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு கிடைக்கிறது.

எழுதுவதற்கு கூகுள் டாக்ஸ். நாலு பேர் ஒரே ஆவணத்தில் சேர்ந்து எழுதுகிறார்கள், யார் எந்த வரியை எழுதினார், யார் திருத்தினார் என்பதெல்லாம் அதன் வரலாற்றில் பதிவாகிறது. நான் தரும் தலைப்பு எதுவும் கைடில் இருக்காது. திருவாரூர் ஆழித்தேர், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, அப்பா செய்யும் சம்பா சாகுபடி. சாகுபடியைப் பற்றி எழுதிய பையன் ஆங்கிலச் சொல் கேட்க எனக்கு போன் செய்தான். நாற்றுப் பறிப்பதிலிருந்து கதிர் அறுப்பதுவரை அவன் சொன்ன விவரங்களைக் கேட்டு நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். தனக்கு நன்றாகத் தெரிந்ததை எழுதும்போது பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு ஒரு தனிக் கம்பீரம் வந்துவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எல்லாவற்றையும் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். எழுதிக் கொடுக்கட்டும். எழுதியதை மறுநாள் வகுப்பில் தாளைப் பார்க்காமல் பேசி, நண்பர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இணையமும் நேர்முகமும் கலந்த முறையின் பலமே இதுதான். என் மாணவர்கள் சாட்ஜிபிடியை இன்டர்வியூ அதிகாரியாக நடிக்கச் சொல்லி இரவில் பயிற்சி எடுக்கிறார்கள். திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று கேட்கிறார்கள். எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்காத துணை!

வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லார் கையிலும் போன் இல்லை. சில பெண்களுக்கு அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் அது கைக்கு வரும். அதனால் காணொளிகளைச் சின்ன அளவில் சுருக்குகிறேன், கெடுவை ஞாயிறு இரவுவரை நீட்டி வைக்கிறேன், கல்லூரிக் கணினி ஆய்வகத்தை மதிய இடைவேளையில் திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன். மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தின் செயலியில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். அந்தத் தளமும் காசு கொடுக்காமல் கிடைப்பதுதான், ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூஜியாமஸ் உருவாக்கி 2002-ல் வெளியிட்டது. நம் மாநிலத்தில் அடித்தளம் வலுவாகவே விழுந்திருக்கிறது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், கொரோனாக் காலத்தில் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த நாளுக்கு 2 ஜிபி டேட்டா, 2022-ல் வந்த நான் முதல்வன் திட்டம். பாடங்களில் 40 சதவீதம்வரை இணையவழியில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2021-லேயே ஒரு கருத்துருவை வெளியிட்டது. வழி திறந்தே இருக்கிறது.

ஆங்கிலம் நடத்தும் ஆசிரியத் தோழர்களே, பெரிய ஆய்வகத்துக்கும் விலையுயர்ந்த மென்பொருளுக்கும் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் வகுப்புக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: உங்கள் ஊருக்கு நான் வந்தால் என்னை முதலில் எங்கே கூட்டிப்போவீர்கள், ஏன்? ஒரு நிமிட வாய்ஸ் நோட் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். வரும் பதிவுகளை ஒன்று விடாமல் முழுதாகக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் குரலிலேயே ஒரு வரி பதில் அனுப்புங்கள். அடுத்த வாரம் அதே தலைப்பில் வகுப்பில் பேச யார் தயார் என்று கேளுங்கள்.